சக்கிமுக்கிக் கல்லின் ஆயுள்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். இதில் வரும் இருவரும் "பேரை மட்டும் போடாதீங்க, மத்தபடி எழுதுங்க" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

போன மார்கழியில் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டான். பிள்ளையார்பாளையத்துப் பையன். அப்பா பட்டு நெசவு. இவன் பென்சில்வேனியாவில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமைகளில் நண்பர்களோடு போய்ப் பழங்காலத் துப்பாக்கி சுடப் பழகுகிறானாம். தோட்டா போடுகிற துப்பாக்கி அல்ல. குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இடித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் பற்ற வைக்கிற துப்பாக்கி. அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் இந்த வகைத் துப்பாக்கிக்கென்றே மான் வேட்டைப் பருவம் ஒன்று உண்டு. "நான் மானைச் சுடல டீச்சர், தாள்ல வட்டம் போட்டு அதைத்தான் சுடறேன்" என்று நான் கேட்கும் முன்பே சொல்லிவிட்டான். என் குணம் அவனுக்குத் தெரியும்.

அவன் சந்தேகம் இதுதான்: "கல்லு பத்து வேட்டுகூடத் தாங்க மாட்டேங்குது டீச்சர். மத்தவங்க ஒரே கல்லுல நாப்பது அம்பது சுடறாங்க. நானும் அதே கடையில அதே கல்லைத்தான் வாங்கறேன். ஏழாவதுல நீங்கதான சக்கிமுக்கி தட்டிக் காமிச்சீங்க? அதான் உங்களைக் கேக்கறேன்."

என் வகுப்பில் படித்தவர்களுக்கு அந்தப் பை நினைவிருக்கும். என் தாத்தா சுருட்டுப் பற்ற வைக்க வைத்திருந்த தோல் பை அது. உள்ளே வளைந்த எஃகுத் துண்டு ஒன்று, கல் ஒன்று, கருக்கிய இலவம்பஞ்சு அடைத்த மூங்கில் குழாய் ஒன்று. உராய்வுப் பாடம் வரும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுத் தட்டிக் காட்டுவேன். பொறி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பே "கல்லுலருந்து டீச்சர்" என்று கத்தும். அப்புறம் எஃகுத் துண்டைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். அதில் புதுக் கீறல் பளபளக்கும். கேள்விக்குப் பதில் அந்தக் கீறலில் இருக்கிறது.

பொறி கல்லுடையது அல்ல, எஃகுடையது. கல்லின் கூர்மையான விளிம்பு எஃகிலிருந்து தூசி போன்ற சீவலைச் சீவி எடுக்கிறது. சீவுகிற வேகத்தில் அந்தத் தூசி சூடேறி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. கம்பி மத்தாப்பில் இரும்புத் தூள் எரிவதும் இப்படித்தான். கல்லின் வேலை உளியின் வேலை. உளி மழுங்கினால் சீவல் இல்லை, சீவல் இல்லாவிட்டால் பொறி இல்லை.

இதைத் துப்பாக்கிக்குப் பொருத்திப் பாருங்கள். குழலின் பக்கவாட்டில் ஒரு விசைப்பெட்டி இருக்கும். அதில் தலை நிமிர்ந்து நிற்பது குதிரை. குதிரையின் வாயில் இரண்டு தாடை, நடுவில் கல், மேலே இறுக்கும் திருகாணி. எதிரே நிமிர்ந்து நிற்பது எஃகுத் தகடு. அந்தத் தகட்டின் அடிப்பாகமே கீழிருக்கும் சிறு கிண்ணத்துக்கு மூடி. கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்ததும் குதிரை பாய்கிறது. கல் எஃகை மேலிருந்து கீழாகச் சீவிக்கொண்டே இறங்குகிறது. அந்த வேகத்தில் தகடு முன்பக்கம் சாய்ந்து கிண்ணம் திறக்கிறது. பொறி கிண்ணத்தில் விழுந்து, அந்த நெருப்பு ஒரு சிறு துளை வழியாகக் குழலுக்குள் இருக்கும் மருந்தை எட்டுகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். இதில் ஒவ்வொரு வேட்டுக்கும் அடி வாங்குவது அந்தக் கல்.

"எட்டு வேட்டு போட்ட கல்லையும் எஃகுத் தகட்டின் முகத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். அனுப்பினான். கல்லின் ஒரு மூலை மட்டும் நொறுங்கியிருந்தது. மறு மூலை கடையில் வாங்கினபடியே இருந்தது.

அதைப் பார்த்ததும் அவன் அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கோடு நேரா, கோணலா என்று பார்ப்பதில் நெசவாளியின் கண்ணை மிஞ்ச முடியாது. தயக்கமும் இருந்தது. இவன் தறியை விட்டுப் படிக்கப் போனதிலிருந்து அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு என்பது "சாப்டியா", "சாப்டேன்", "அம்மாகிட்ட குடுக்கறேன்" அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. பேச விஷயம் இல்லை.

போனேன். தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "துப்பாக்கியா? அதுக்குத்தான் அங்க போனானா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. போனை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"டீச்சரம்மா, கல்லு மேல தப்பு இல்ல. புடிச்சிருக்கற வாகு கோணல். அச்சுப் பலகை ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தி அடிச்சா ஊடை எப்படி விழும்? அது மாதிரிதான். ஒரு மூலை மட்டும் போய் முட்டுது. அடி மொத்தமும் அந்த மூலைக்கே."

அன்று ராத்திரி, அவனுக்கு அது காலை நேரம், வீடியோவில் மூன்று பேரும் பேசினோம். குழலில் மருந்து இல்லை, கிண்ணம் காலி என்று இரண்டு தடவை உறுதி செய்யச் சொன்னேன். பிறகு அப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் செய்தான். குதிரையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கினால் கல்லின் எந்தப் பக்கம் எஃகை முதலில் தொடுகிறது என்று தெரிந்துவிடும். வலது மூலைதான் தொட்டது. கல்லைச் சுற்றி அவன் வைத்திருந்த தோலையும் காட்டச் சொன்னார். தடித்த மெதுமெதுவென்ற தோல், இரண்டு மடிப்பு. "மெத்தை மேல வெச்சா உளி நிக்குமாடா?" என்றார். அவன் சிரித்தான். அவரும் சிரித்தார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த சில வாரங்களில் அவன் செய்து பார்த்ததையும், அவனோடு சுடும் பெரியவர்கள் சொன்னதையும், நான் படித்ததையும் சேர்த்து இங்கே வரிசையாக எழுதுகிறேன். துப்பாக்கி வைத்திருக்காதவர்களும் படிக்கலாம். எதையாவது கூராக்கிப் பிடித்து வேலை செய்கிற எல்லோருக்கும் இதில் ஏதோ ஒன்று இருக்கிறது.

1. பிடிமானம். கல்லை வெறுமனே இரும்புத் தாடைக்குள் வைத்து இறுக்கினால் விரிசல் விடும். மெல்லிய, கெட்டியான தோல் துண்டை மடித்து அதற்குள் வைக்க வேண்டும். அந்தக் காலப் பட்டாளத்தில் மெல்லிய ஈயத் தகட்டையும் சுற்றினார்கள். தோலின் மடிப்பில், திருகாணி வரும் இடத்தில் சின்னதாக வெட்டிவிட்டால் கல்லின் முதுகு பின்னால் நன்றாகப் பதிந்து உட்காரும். புதுத் தோல் முதல் சில வேட்டில் அமுங்கும். அதனால் நாலைந்து வேட்டுக்கு ஒருமுறை திருகாணியைத் தொட்டுப் பார்த்து இறுக்க வேண்டும். ஆடுகிற கல் சீக்கிரம் உடையும்.

2. நேர்கோடு. கல்லின் விளிம்பு முழு அகலத்துக்கும் எஃகை ஒரே சமயத்தில் தொட வேண்டும். கல்லின் பக்கம் குழலில் உரசவும் கூடாது. குதிரை பாதி ஏற்றத்தில் நிற்கும்போது விளிம்பு எஃகுக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் நிற்க வேண்டும். நம் நெசவாளி கண்டுபிடித்தது இந்த இரண்டாவதைத்தான். பாதி வியாதி அதிலேயே தீர்ந்தது.

3. கோணம். கல் எஃகின் மேல்பாகத்தில், உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கின இடத்தில் பட்டு, அங்கிருந்து சீவிக்கொண்டு இறங்க வேண்டும். நேராகப் போய் முட்டினால் அது சீவல் அல்ல, சம்மட்டி அடி. கல்லின் ஒரு முகம் சரிவாக இருக்கும். அந்தச் சரிவு மேலே பார்க்க வைப்பதா, கீழே பார்க்க வைப்பதா என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்து, பொறி எதில் கிண்ணத்தின் நடுவில் விழுகிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். இவனுக்குச் சரிவு கீழே பார்த்தபோதுதான் சரியாக வந்தது.

4. எஃகு. தகடு மிருதுவாக இருந்தால் கல் அதில் பள்ளம் தோண்டும், பொறி மங்கும். மிகக் கடினமாக இருந்தால் கல் வழுக்கும், சீவலே வராது. அரத்தால் ஓரத்தில் லேசாகத் தேய்த்தால் தெரிந்துவிடும்: அரம் கடிக்காமல் வழுக்க வேண்டும். தகட்டின் முகத்தில் படிக்கட்டு மாதிரி வரி விழுந்திருந்தால் எந்தக் கல்லும் நிலைக்காது. ஒவ்வொரு படியிலும் விளிம்பு இடறி உடையும். அதைத் தேய்த்துச் சமன் செய்வதும் திரும்பப் பதம் ஏற்றுவதும் துப்பாக்கிக் கம்மியர் வேலை.

5. ஸ்பிரிங். குதிரையைப் பாய வைக்கும் ஸ்பிரிங் ஒன்று, எஃகுத் தகட்டை நிறுத்தி வைக்கும் ஸ்பிரிங் ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். தகடு பிடிவாதமாக நின்றால் கல் நொறுங்கும். சட்டென்று சாய்ந்தால் சீவ நேரம் இருக்காது. வலுவான ஸ்பிரிங்தான் நல்லது என்று நினைப்பவர்கள் அதிகம். அதிக பலம் கல்லுக்கு எமன்.

6. வீண் தட்டல் கூடாது. பொறி அழகாக இருக்கிறது என்று நண்பர்களுக்குத் தட்டித் தட்டிக் காட்டினால் கல் அதிலேயே தீரும். பழகுவதற்குக் கல்லுக்குப் பதில் மரத்துண்டை வைக்கலாம். அந்தக் காலத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கும் பயிற்சியில் மரத்துண்டுதான்.

7. கூர் தீட்டல். மழுங்கின கல்லைத் தூக்கிப் போட வேண்டாம். தாடையில் இருக்கும்போதே, சிறிய பித்தளை அல்லது செம்புக் கருவியால் விளிம்பின் அடிப்பக்கத்தில் மெல்ல அழுத்தினால் மிளகளவு சில்லுகள் பெயர்ந்து புது விளிம்பு வரும். குழலும் கிண்ணமும் காலியாக இருக்க வேண்டும், எஃகுத் தகடு முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஒவ்வொரு சில வேட்டுக்கும் விளிம்பையும் எஃகையும் துடைக்கவும் வேண்டும். வெடிமருந்துக் கரி ஈரத்தை இழுக்கும், கரி படிந்த எஃகு பொறி தராது.

தை பிறந்ததும் அவன் செய்தி அனுப்பினான்: ஒரே கல்லில் 43 வேட்டு, நடுவில் இரண்டு முறை கூர் தீட்டியதோடு. அதே கடை, அதே விலை, அதே கல். அப்பாவிடம் சொன்னபோது, "அம்பது வரட்டும் பாப்போம்" என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் கேட்பது "சாப்டியா" இல்லை, "எத்தனை வேட்டு?" அதிலிருந்து தறி, பாவு, ஜரிகை விலை என்று பேச்சு எங்கேயோ போகிறது. அவன் அம்மா, "எனக்குப் போனே வர மாட்டேங்குது டீச்சர்" என்று என்னிடம் புகார் சொல்கிறார்.

அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று அப்பாவுக்கு ஒரு கேள்வி வந்தது. அது எனக்கும் பிடித்த கேள்வி. அவன் வாங்குவது இங்கிலாந்தின் சஃபோக்கில், பிராண்டன் என்ற ஊர்ப் பக்கத்துக் கறுப்புக் கல். வெள்ளைச் சுண்ணப் பாறையின் நடுவே கறுப்பு முடிச்சு முடிச்சாக விளைவது. அதே வட்டாரத்தில் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே குழி தோண்டி இந்தக் கல்லை எடுத்திருக்கிறார்கள். பிரான்சில் தேன் நிறத்தில் கிடைக்கும் கல்லுக்கும் பேர் உண்டு. இரண்டும் அடிப்படையில் சிலிக்கா, நம் மணலும் குவார்ட்ஸும் என்ன பொருளோ அதேதான். ஆனால் துகள் மிக நுண்மையாக, ஒரே சீராக இருப்பதால் தட்டினால் கண்ணாடி போல வளைந்து பெயர்ந்து கத்தி விளிம்பு தருகிறது. பிராண்டனில் தலைமுறை தலைமுறையாக இந்தக் கல்லை உடைத்துத் துப்பாக்கிக்கு வடித்தவர்கள் பலர் அந்தத் தூசியைச் சுவாசித்தே நுரையீரல் கெட்டு இறந்தார்கள். அதனால் கல்லை உடைத்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் முகக்கவசம் இல்லாமல் தொடவே கூடாது.

சிகரெட் லைட்டரில் இருப்பதும் இதே கல்தானே என்று ஒருவர் கேட்டார். அதற்கும் கல் என்றுதான் பேர், ஆனால் அது உலோகம். சீரியமும் இரும்பும் கலந்தது. ஆஸ்திரியாவின் அவர் வான் வெல்ஸ்பாக் 1903-இல் காப்புரிமை வாங்கியது. அங்கே வேலை தலைகீழ்: சக்கரம் சீவுகிறது, "கல்" எரிகிறது. கல்யாணத்தில் தூக்கி வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலும் அதே மனிதருடைய கண்டுபிடிப்பில் வந்ததுதான். மேன்டிலுக்கு வேண்டிய தோரியமும் லைட்டர் கல்லுக்கு வேண்டிய சீரியமும் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மோனசைட் மணலில் சேர்ந்தே கிடைக்கின்றன.

இந்தக் கல் நம் ஊர்ப் பக்கமும் வந்தது, வேறு விதமாக. காஞ்சிக்கு வடக்கே இருக்கும் புள்ளலூர் உங்களில் பலருக்கு வெறும் பஸ் நிறுத்தம். மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரைப் புள்ளலூரில் வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. அதே மண்ணில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்து அழித்தார்கள். பெரிய படையோடு காஞ்சியிலேயே இருந்த ஹெக்டர் மன்றோ நேரத்துக்கு உதவிக்குப் போகவில்லை. சேதி தெரிந்ததும் கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போரின் பெரிய ஓவியம் இருக்கிறது. சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

பெய்லியின் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்கள் தோளில் இருந்ததும் சக்கிமுக்கித் துப்பாக்கிதான். வரிசையில் நின்று சுடும்போது கல் மழுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தாள் வட்டத்தைச் சுடுகிற நம் பையனுக்கு ஒரு வேட்டு பொய்த்தால் அடுத்த வேட்டு இருக்கிறது. அந்தச் சிப்பாய்க்குக் கல்லை மாற்றி, தோலைச் செருகி, திருகாணியை இறுக்கும் நேரத்தில் எதிரியின் குதிரைப்படை மேலே வந்துவிடும். அன்று நடுவில் அவர்களுடைய மருந்து வண்டிகளே வெடித்துச் சிதறின. அதற்குப் பிறகு எவ்வளவு கூரான கல் இருந்தும் பயனில்லை.

அடுத்த வருஷம், 1781 ஆகஸ்ட் 27-இல், அதே இடத்தில் அயர் கூட் ஹைதரோடு மறுபடியும் மோதினார். அதில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் புள்ளலூரில் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அதே மண்ணில் இரண்டு பக்கமும் நின்று செத்த நம் ஆட்களுக்குத் தூண் இல்லை, பேரும் இல்லை. அவர்களுக்கும் ஊரில் அப்பா அம்மா இருந்திருப்பார்கள், பேச முடியாமல் போன பேச்சு இருந்திருக்கும். 1840-களில் தட்டினால் வெடிக்கும் செம்புக் குப்பி வந்து, பட்டாளத்தில் கல்லின் காலம் முடிந்தது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் நாட்டுத் துப்பாக்கி தேடிப் போகாதீர்கள். சுடக்கூடிய நிலையில் உள்ள எந்தத் துப்பாக்கிக்கும், குழல் வாயில் இடிப்பதாக இருந்தாலும், 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். தாத்தா வீட்டுப் பரணில் பழையது எதாவது கிடந்தால் தோண்டிப் பார்க்காமல் போலீஸ் நிலையத்தில் சொல்லுங்கள். உள்ளே மருந்து இடித்தபடியே மறந்துபோன துப்பாக்கிகள் உண்டு.

லீவில் வரும் பிள்ளைகள் குழந்தைகளைப் புள்ளலூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே போய் வந்துவிடலாம். யார் வீட்டிலாவது தாத்தா காலத்துச் சக்கிமுக்கிப் பை, எஃகு, பஞ்சுக் குழாய் இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். உங்கள் பக்கம் அதற்கு என்ன பேர் சொன்னார்கள் என்றும் எழுதுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்